கத்தி இறங்காத பச்சை

தம்பி,

இந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியதும் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிடாதே. முதலில் குவாரிக்குள் இறங்கி, கிழக்குச் சுவருக்குக் கீழே வேலை செய்கிற ஆட்களை எல்லாம் மேலே வரச் சொல். கம்ப்ரசரை நிறுத்தச் சொல். அந்தத் தகரக் கொட்டகையில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டோடு எழுந்து வரட்டும். அதற்குப் பிறகு உன் ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு நிதானமாகப் படி. இருபத்தெட்டு வருடம் கல் குவாரியில் மேஸ்திரியாக இருந்தவன் சொல்கிறேன். அப்பன் பேச்சு என்று கேட்காவிட்டாலும் மேஸ்திரி பேச்சு என்றாவது கேள்.

வியாழக்கிழமை நீ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "அப்பா, எவ்வளவு பெரிய எபிடோட் பாருங்க. ஒங்க பச்சைதான்" என்று கீழே எழுதியிருந்தாய். சந்தோஷமாகத்தான் அனுப்பியிருக்கிறாய். நானும் முதலில் சந்தோஷமாகத்தான் பார்த்தேன். இளஞ்சிவப்புக் கல்லுக்கு நடுவே அந்தப் பச்சை, பிஸ்தாப் பருப்பை அரைத்துப் பூசினது மாதிரி, சுவரின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் ஓடுகிறது. அளவு தெரிவதற்காக அதன் மேல் ஒரு கத்தியை வைத்துப் படம் எடுத்திருந்தாய். கறுப்பு ஒயர் சுற்றிய பிடி. அந்தக் கத்தியை அடையாளம் கண்டதும் நான் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தேன்.

மேலே மலைப் பக்கம் உயர்ந்தும் கீழே குழிப் பக்கம் தாழ்ந்தும் அந்தப் பச்சை சரிந்து வருகிறது. அது முடிகிற இடத்தில் கல் நனைந்து கறுத்திருக்கிறது. நனைந்த இடத்துக்கு நேர் கீழே உன் தகரக் கொட்டகை, கம்ப்ரசர், மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஐந்து பேர். ஒருவன் துண்டைக் காயப்போட்டிருக்கிறான். ஐப்பசி பிறந்துவிட்டது, மழை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும்.

உடனே உனக்குப் போன் போட்டேன். நினைவிருக்கும். "ஆளை அங்கிட்டு நிறுத்தாத தம்பி" என்றேன். "அப்பா, நான் கத்திய வச்சுக் கீறிப் பாத்துட்டேன். கத்தியே எறங்கல. விரிசல அந்தப் பச்சை வெல்டு வச்ச மாதிரி ஒட்டியிருக்கு" என்றாய். நான் இழுத்தேன். நீ கொஞ்சம் சலிப்போடு, "குவாரில ஆளு பாக்காமப் போனாத்தான் ஆபத்துப்பா. நம்ம சவரி மாமா போன மாதிரி. எங்க ஆளுங்க எல்லாருக்கும் ட்ரெயினிங் குடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு, முதலாளி கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாய்.

நம்ம சவரி மாமா போன மாதிரி. அதைக் கேட்டபிறகு போனில் என்ன சொன்னாலும் உனக்கு ஏறாது என்று தெரிந்துபோயிற்று. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நான் மெதுவான ஆள் என்று உனக்குத் தெரியும், லாரி நம்பரும் பிளாக் அளவும் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. நேற்றுக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீ காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஈஸ்டர் லீவுக்கு வந்து, பலகாரத் தட்டில் கற்களைப் பரப்பி வைத்தாயே, அதை நான் மறக்கவே இல்லை. "சாப்புடுற தட்டுலயா கல்ல வப்ப?" என்று உன் அம்மா சத்தம் போட்டாள். போட்டுவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் என் காலமெல்லாம் பச்சை என்று சொல்லிக் காறித் துப்பிக்கொண்டிருந்த கல்லுக்கு எபிடோட் என்று பெயர் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். மலை ஆழத்தில் இறுகிக் கிடக்கும்போதே அதில் விரிசல் விழும் என்றாய். அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் ஓடும், நம் அடுப்பில் கொதிப்பதைப் போல மூன்று மடங்கு சூடாக, மேலே உட்கார்ந்திருக்கிற மலையின் பாரத்தில் ஆவியாகப் போகவும் முடியாமல். ஓடுகிற தண்ணீர் வெளுத்த மணிகளிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும், கறுத்த மணிகளிலிருந்து இரும்பை எடுத்துக்கொள்ளும், அலுமினியமும் மணல் செய்கிற சிலிக்காவும் சேர்ந்து விரிசல் நெடுகப் பச்சையாகப் படியும் என்றாய். ஓடிய தண்ணீரிலும் ஒரு துளி அந்தக் கல்லுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும் என்றாய். பச்சை நிறம் இரும்பால் வருவது என்றதும் உன் அம்மா, "இரும்புன்னா துருவேறிச் செவப்பாத்தானே இருக்கும்?" என்று கேட்டாள். "அது எதோட சேந்து எப்படி உக்காருதுங்கறதப் பொறுத்தும்மா" என்றாய். நான் அன்றைக்கு உன்னைப் பார்த்த பார்வையில் எவ்வளவு பெருமை இருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்தேன்.

ஒரு சின்னத் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினாய். ஒரு பக்கம் பார்த்தால் பச்சை, திருப்பினால் மஞ்சள், இன்னும் திருப்பினால் லேசான பழுப்பு. ஒரு திசையில் தட்டினால் சுத்தமாகப் பிளக்கும், மற்றத் திசையில் நொறுங்கும். அதே அளவு வெள்ளைக் கல்லை ஒரு கையிலும் இதை ஒரு கையிலும் கொடுத்து, எது கனம் என்று அம்மாவைக் கேட்டாய். அதற்கப்புறம் சமையல்கட்டிலிருந்து கத்தியை எடுத்து வந்து பச்சை மேல் இழுத்தாய். கல்லில் கீறல் விழவில்லை, கத்தியின் இரும்புதான் அதன் மேல் சாம்பல் கோடாக ஒட்டியது. நீ சிரித்தாய், அம்மாவும் சிரித்தாள். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது நீ இன்னொரு பச்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். அதே விரிசலில், சூடு குறைந்தபிறகு வருவது, கரும்பச்சை. குளோரைட் என்று பெயர் சொன்னாய். தண்ணீர்த் தொட்டியில் போடுகிற மருந்தா என்று கேட்டேன், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சிரித்தாய். "இது மெத்துனு இருக்கும்ப்பா, நகத்துக்கே மசியும், ஏடு ஏடா இருக்கும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, மறுபடியும் எபிடோட்டின் அழகுக்குப் போய்விட்டாய். அந்த ஒரு வரியில் நீ இன்னும் கொஞ்ச நேரம் நிற்க மாட்டாயா என்று எனக்கு இருந்தது. நானே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பாய், கேட்டால் சொல்ல வேண்டிவரும்.

அதை இப்போது சொல்கிறேன். ஆனால் நேராக அங்கே போக எனக்கு வாய் வரவில்லை, சின்னப் பொய்யிலிருந்து தொடங்குகிறேன்.

நார்த்தாமலைப் பக்கம் நான் இருந்த குவாரியில், பச்சைக் கோடு ஓடிய பிளாக்கை வாங்குகிறவர்கள் கழித்துவிடுவார்கள். தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள், நனைந்தால்தான் கல்லின் குற்றம் எல்லாம் தெரியும். அதனால் அவர்கள் வருகிற அன்று கிரேனை விட்டுப் பிளாக்கைப் புரட்டி, கோடு அடிப்பக்கம் போகிற மாதிரிப் படுக்க வைத்துவிடுவேன். இதில் எனக்கு நல்ல பெயர். கல்லுக்குள்ளே கோடு எங்கே போய் எங்கே முடியும் என்று வெளியிலிருந்தே சொல்லிவிடுவேன். "மேஸ்திரி கல்லுக்குள்ள போயிட்டு வந்தவரு" என்று ஆட்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. வீட்டிலும் வந்து சொல்லிக்கொள்வேன்.

பச்சையால் இன்னொரு உபயோகமும் கண்டுபிடித்தேன். ஒரு பிளாக்கை மலையிலிருந்து பிரிக்க வேண்டுமானால் பின்னாலும் பக்கவாட்டிலும் குழி போட்டால் போதாது, அடியிலும் வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்க வேண்டும். அடிக்குழி போடுவது கொடுமையான வேலை, படுத்துக்கொண்டே துளைக்க வேண்டும், தூசி எல்லாம் மூக்கில். பச்சை அடியில் சரிவாக ஓடுகிற இடத்தில் அடிக்குழியே வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பின்னால் குழி போட்டு ஆப்பை அடித்தால் பச்சை ஏட்டிலிருந்து கல் தானாகக் கழன்று வரும். வந்தது. ஒன்றா இரண்டா, ஒவ்வொரு முறையும் வந்தது. ஆப்பு அடிக்கிற வரைக்கும் அசையாது, அடித்தால் வரும் என்று எங்கள் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை ஆகிவிட்டது. அந்த நம்பிக்கையைக் கிளப்பிவிட்டவன் நான்.

நீ எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்து மூன்றாம் நாள் வெயில் அடித்தது. பெரிய பிளாக் ஒன்று, பின்குழி எல்லாம் போட்டாகிவிட்டது, ஆப்பு மட்டும் பாக்கி. அதற்குக் கீழே கிடந்த சில்லுக் கற்களை அள்ளிப் பாதை செய்தால்தான் கிரேன் வர முடியும். சவரிமுத்து, உன் சவரி மாமா, என்னிடம்தான் வேலை செய்தான். நான்தான் சேர்த்துவிட்டேன், கல்யாணமான புதிதில் உன் அம்மா தன் தம்பிக்கு வேலை கேட்டதற்காக. அவன் கீழே போய்ப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தான்.

"மச்சான், அடியில தண்ணி கசியுது. பச்சைக்குள்ள இருந்து வருது. ரெண்டு நாளு காயட்டும், பெறகு அள்ளுவமா?"

நான் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கைக்கு எட்டுகிற விளிம்பில், வெயில் பட்டுக் காய்ந்திருந்த இடத்தில், பச்சை மேல் அழுத்தி ஓர் இழு இழுத்தேன். சாம்பல் கோடு விழுந்தது. கத்தி இறங்கவில்லை. சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "கத்தியே எறங்கல, கல்லு எறங்குமா? போ மாப்ள, போயி அள்ளு." அவர்கள் சிரித்தார்கள். சவரிமுத்து சிரிக்கவில்லை. என் முகத்தை ஒரு தரம் பார்த்தான். கூடையை எடுத்துக்கொண்டு கல்லுக்குக் கீழே போனான். நான் மேலே ஏறிவிட்டேன்.

கல் விழுந்தால் பெரிய சத்தம் கேட்கும் என்று நீ நினைப்பாய். இது விழவில்லை, வழுக்கியது. யாரோ தரையில் ஈரச் சாக்கை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. நான் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. சவரிமுத்து பக்கவாட்டில் தாவியிருக்கிறான், உடம்பு தப்பிவிட்டது, இடது கால் முழங்காலுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. அவன் என்னைத்தான் கூப்பிட்டான். "மச்சான், மச்சான்" என்று இரண்டு தடவை. மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

அவனை ஜீப்பில் ஏற்றித் திருச்சிக்கு அனுப்பிவிட்டு, நான் அந்த இடத்துக்குத் திரும்பிப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கல் கழன்ற பரப்பு வெயிலில் பளபளவென்று கிடந்தது. விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குத்தான் வெளிர்பச்சை, கத்தி இறங்காத பச்சை. அதற்கு உள்ளே முழுக்கக் கரும்பச்சை, ஈரத்தில் சோப்பு மாதிரி. கையை வைத்தேன், வழுக்கியது. நகத்தால் அழுத்தினேன், நகம் உள்ளே போயிற்று. நான் கீறிய சாம்பல் கோடு விளிம்பில் அப்படியே இருந்தது. அதைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்தேன்.

இப்போது பெரிய பொய். மறுநாள் விசாரணைக்கு ஆள் வந்தபோது, "நான் வேண்டாம்னு சொன்னேங்க. அவன்தான் அவசரப்பட்டுப் பாக்காமப் போயிட்டான்" என்று சொன்னேன். வாக்கியம் யோசிக்காமலேயே வந்தது. எழுதிக்கொண்டார்கள். பார்த்த நாலு பேரும் என்னிடம் வேலை செய்கிறவர்கள், வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சவரிமுத்துக்குக் கண் தெளிந்ததும் உன் அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மச்சான் வேண்டாம்னு சொன்னாகளாமே, கேக்காம ஏன்டா போன?" என்று அழுதாள். நான் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவன் அவளைத் தாண்டி என்னைப் பார்த்தான். பிறகு, "ஆமாக்கா. நாந்தான் பாக்காமப் போயிட்டேன்" என்றான்.

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அழுகை அப்புறம்தான் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, அதையும் எழுதிவிட்டேன்.

அந்தப் பொய்யை நான் ஒரே தடவை சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டில் தினமும் சொன்னேன். நீ சைக்கிளில் ரோட்டைக் கடந்தால், "மாமா மாதிரிப் பாக்காமப் போகாத." பைக் வாங்கித் தரச் சொன்னபோது, "மாமா மாதிரி ஆயிரும்." நீ பாறை மேல் ஏறினால், கிணற்றில் எட்டிப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் மாமா. சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்தது மாதிரி ஆகிவிட்டது. பொங்கலுக்கு அவன் கட்டைக்காலோடு வாசல் படி ஏறும்போது நீயே, பத்தாவதோ என்னவோ படிக்கும்போது, "மாமா, இந்தத் தடவையாவது கீழ பாத்து வாங்க" என்று கேலி செய்தாய். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்து, "சரிங்க சார்" என்று உன் தலையில் தட்டினான். உன்னை நான் அன்றைக்குக் கண்டித்திருக்க வேண்டும். நானும் சிரித்தேன்.

நாம் ஆவூர்க் கத்தோலிக்கர்கள், பாவத்தைச் சொல்ல நமக்கு ஓர் இடம் இருக்கிறது. நான் அதற்கும் போனேன். அடுத்த பெரிய வெள்ளிக்கு முன்னால் கோவிலில் முழங்கால் போட்டு, தட்டிக்குப் பின்னால் இருந்த சாமியாரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர், "கால் போனது எனக்கு இல்லையே. அவருகிட்டயும் அவரு அக்காகிட்டயும் போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றார். மறுவருடம் நான் பாவசங்கீர்த்தனத்துக்கு வேறு பங்குக் கோவிலுக்குப் போனேன். அங்கே கோபம், பொறாமை, ஞாயிறு பூசை தவறியது என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு வந்தேன். அப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். சாமியாரை ஏமாற்றினாய் என்று நீ கேட்கலாம். ஆமாம்.

கத்தி விஷயமும் இருக்கிறது. நீ இந்த வேலையில் சேர்ந்த அன்று, "ராசியான கத்தி, வச்சுக்க" என்று உன் கையில் கொடுத்தேன். ராசியும் இல்லை ஒன்றும் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெட்டியை மூடிவிடுவேன். குப்பையில் போட மனம் வரவில்லை. அதனால் பெற்ற பிள்ளையிடம் தள்ளிவிட்டேன். இப்போது நீ அதே கத்தியால், அதே பச்சையை, கைக்கு எட்டுகிற அதே விளிம்பில் கீறிவிட்டு, அதே வார்த்தையைப் போனில் சொல்கிறாய். படிக்காதவன் செய்த தப்பைப் படித்தவனும் செய்கிறாய் என்று உன்னைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. உனக்கு இரண்டு பச்சையும் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் குவாரியில் விபத்து என்றால் ஆள் கவனக்குறைவாக இருந்ததுதான் காரணம் என்று நீ நம்புகிறாய். அது எந்தப் புத்தகத்திலும் நீ படித்தது இல்லை. நான் வீட்டில் வைத்து ஊட்டியது. அதனால்தான் நீ கல்லைக் கொஞ்சமாகவும் ஆட்களை அதிகமாகவும் சந்தேகப்படுகிறாய். உன் மாமா பார்த்துத்தான் போனான், தம்பி. அங்கே நின்றவர்களிலேயே ஒழுங்காகப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

ஆகவே அந்தச் சுவரை நம்பாதே. விளிம்பைக் கீறிப் பார்த்ததை மறந்துவிடு. உள்ளே ஆழமாகத் துளை போட்டு எடுத்து, நனைத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார். தண்ணீர் கசிகிற இடத்தில் முதலில் பார், ஏனென்றால் மெத்தென்ற பச்சை அங்கேதான் இருக்கும். துளை போடுவதையும் மேலே நின்று போடச் சொல். குழியை நோக்கிச் சரிகிற ஏடு எதுவாக இருந்தாலும், கெட்டியோ மென்மையோ, அதற்குக் கீழே மனுசனை நிறுத்தாதே. முதலாளி மழைக்கு முன்னால் பிளாக்கை எடுத்தாக வேண்டும் என்பார். எல்லா முதலாளியும் அதைத்தான் சொல்வார்கள். ஆபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு காப்பியை நீ வைத்துக்கொள். அதற்கும் மசியாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வா. இரண்டு வேளைச் சோறு இங்கே இருக்கிறது. ஹெல்மெட் தலைக்கு, அந்தக் கல் தலையோடு நிற்காது.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு நேற்று மதியம் விராலிமலைக்குப் போனேன். சவரிமுத்து பைபாஸ் ஓரத்துப் பஞ்சர் கடையில் உட்கார்ந்து ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். உன் படத்தைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். அவனும் என்னைப் போலவே விரலால் பெரிதாக்கினான்.

"தண்ணி கசியுது" என்றான்.

"ஆமா மாப்ள."

"அந்தப் பயலுக எந்த ஊரு?"

"வடக்கத்திப் பயலுக போல."

போனைத் திருப்பிக் கொடுத்தான். உனக்கு உண்மையை எழுதிவிட்டேன் என்றேன். உன் அம்மாவுக்கும் சொல்லப்போகிறேன் என்றேன். அவன் டியூபை மறுபடியும் தண்ணீரில் முக்கினான்.

"எனக்குத் தெரியும்னு ஒங்களுக்குத் தெரியும். இதுல எங்கிட்டக் கேக்க என்ன இருக்கு மச்சான்?"

"நீ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா எனக்குக் காலு வந்திருக்குமா? அக்காவுக்கு வீடு போயிருக்கும்." டியூபைத் திருப்பிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான். "ஆனா நீங்க வருவீகன்னு நெனச்சேன். ஒரு வருசம், ரெண்டு வருசம் நெனச்சேன். பெறகு விட்டுட்டேன்."

அவன் காலில் விழத் தோன்றியது. எந்தக் காலில் விழுவது என்று ஒரு கணம் மனம் கேட்டது, அந்தக் கேவலத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தான். சவரிமுத்து சக்கரத்தைக் கழற்றத் தொடங்கினான். நான் வந்துவிட்டேன்.

இன்று காலை பூசை முடிந்து வந்ததும், இதுவரை எழுதியதை உன் அம்மாவிடம் கொடுத்தேன். அடுப்படியில் நின்றபடியே படித்தாள். நடுவில் அடுப்பை அணைத்தாள். முடித்ததும் தாள்களை வரிசையாக அடுக்கி மேடை மேல் வைத்தாள். அவள் கத்துவாள், அழுவாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள், "எத்தன வருசம் அவன வைதேன்" என்று மட்டும் சொன்னாள். அதை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நான் சவரி வீட்டுக்குப் போறேன். இத நீங்க தபால்ல போடாதீங்க. அது போயிச் சேர்றதுக்குள்ள மழை வந்துரும். நீங்களே போங்க. அன்னைக்கு மேல நின்னீங்கல்ல, இன்னைக்குக் கீழ போங்க."

இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். அவள் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள், நான் பின்னால் நின்றேன். விராலிமலையில் இறங்கினாள். ஜன்னல் வழியாகக் கை நீட்டினேன், என்னத்துக்கு என்று எனக்கே தெரியாது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் திரும்பி வீட்டுக்கு வருவாளா, எப்போது வருவாள் என்று எனக்குத் தெரியாது. நீ அவளுக்குப் போன் செய், என்னைப் பற்றி எதுவும் கேட்காதே.

இந்தக் கடைசிப் பக்கத்தை உன் குவாரிக்குப் பிரிகிற பாதையில் உள்ள டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தெற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. கவரை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்து உன் கையில் சேர்க்கச் சொல்லிவிட்டு, மேனேஜரின் அப்பா என்று சொல்லி உள்ளே இறங்கிவிடுவேன். குவாரிக்குள் இறங்க எனக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. அந்தத் தகரக் கொட்டகைக்குள், துண்டு காயப்போட்டிருந்தவன் பக்கத்தில் போய் உட்காருவேன். பாஷை தெரியாவிட்டாலும் பீடி கொடுத்தால் பேச்சு வந்துவிடும்.

உன்னை எனக்குத் தெரியும். முதல் வரியில் சொன்னதைச் செய்யாமல், அப்பாவுக்கு வேறு வேலையில்லை என்று சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்திருப்பாய். சரி, இப்போது எழுந்திரு. ஐந்து பேரையும் முதலில் ஏற்று. அவர்களில் கடைசி ஆள் மேலே போன பிறகுதான் நான் எழுந்திருப்பேன்.

கீழே இருக்கிறேன்,
அப்பா